கிழட்டுக் கொடியின் கனத்த சாறு



பட்டணத்துப் பேரங்காடியில் ஒயின் அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் 'ஷிராஸ்' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். "திராட்சைச் சாற்றுக்கா இத்தனை விலை?" என்று நகர்ந்தும் போயிருப்பீர்கள். அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று இம்முறை பார்ப்போமா?

ஷிராஸ் என்பது ஒரு கருந்திராட்சை. பாரசீகத்தில் அதே பெயரில் ஒரு நகரம் இருப்பதால், அங்கிருந்து வந்த பழம் என்றே நெடுங்காலம் கதை சொன்னார்கள். 1990-களின் இறுதியில் நடந்த மரபணுச் சோதனையில், அது தென்கிழக்குப் பிரான்சின் இரண்டு திராட்சைகளுக்குப் பிறந்த பிள்ளை என்று தெரிந்துவிட்டது. பிரான்சில் அதற்குச் 'சிரா' என்று பெயர். 1830-களில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய அந்தக் கொடி, தென் ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் நன்றாக வேரூன்றியது.

இந்த ஒயினைக் 'கனமானது' என்பார்கள். தேங்காய் பிழியும் தாய்மார்களுக்கு இது எளிதில் விளங்கும். முதல் பால் நாவில் கெட்டியாக நிற்கும். மூன்றாம் பால் தண்ணீராய் ஓடும். ஷிராஸ், முதல் பால். பழத்தைத் தோலோடு புளிக்க வைப்பதால் கருஞ்சிவப்பு நிறமும், பால் ஊற்றாத கடுந்தேநீரின் துவர்ப்பும் வருகின்றன. மிளகு வாசனையும் உண்டு. அது கற்பனையல்ல; மிளகின் மணத்துக்குக் காரணமான பொருளே ஷிராஸிலும் இருப்பதை 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

ஆனால் பெரிய விசேஷம் கொடியின் வயதில்தான். நம் தோட்டங்களில் ரப்பரானாலும் செம்பனையானாலும் 25, 30 வருடமானால் மறுநடவுதான். பரோசாவிலோ நூறு வயதைத் தாண்டிய கொடிகள் இன்றும் காய்க்கின்றன. 125 வயதான கொடிக்கு 'மூதாதை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். காய்ப்பது கொஞ்சம், சாறோ அடர்த்தி. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கொடிகளை அழித்த வேர்ப்பூச்சி அந்தப் பக்கம் எட்டவில்லை.

பூச்சிக்குத் தப்பிய கொடிகள் மனிதரிடம் மாட்டிக்கொண்டன. 1970-களின் கடைசியில் திராட்சை மிஞ்சியது. பழம் வாங்கக் கூடாதென்று மேலிடம் சொன்னபோது, பீட்டர் லேமன் என்ற ஒயின் தயாரிப்பாளர் விவசாயிகளுக்குக் கொடுத்த வாக்கை மீறவில்லை. தனியாக ஆலை தொடங்கி அவர்களின் பழத்தை வாங்கினார். 1980-களின் நடுவில் அரசாங்கமே பணம் கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் சொன்னது. எத்தனையோ பழங்கொடிகள் போயின. "தாத்தா நட்டது" என்று சில குடும்பங்கள் மட்டும் விட்டுவைத்தன. இன்று உலகம் தேடுவது அந்தக் கொடிகளின் சாற்றைத்தான்.

இதைக் குடிக்கச் சொல்லி எழுதவில்லை. ஷிராஸில் சாராயச் சத்து 14 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பது வழக்கம். பீரைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. சம்சு கெடுத்த குடும்பங்களை நாம் கண்ணால் கண்டவர்கள். ஒயினும் போதைதான்.

எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. வருமானம் குறைந்ததென்று வெட்டிவிட்டால், வயதினால் மட்டுமே வரக்கூடிய ஒன்றைத் திரும்ப நட்டு வளர்க்க இன்னும் நூறு வருடம் வேண்டும். நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பார்க்கும்போதும் இது நினைவிருக்கட்டும்.