வலிக்கு ஹிப்னாடிசம் உதவுமா?


ஹிப்னாடிசம் என்றாலே மேடை வித்தை என்று நினைக்கிறோம். ஆனால் மயக்க மருந்து புழக்கத்துக்கு வருமுன்பே, 1845-இல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற மருத்துவர், இதன் முன்னோடியான மெஸ்மரிசத்தைக் கொண்டு அறுவை சிகிச்சைகள் செய்தார். ஐ.பி.எஸ். என்னும் தீராத வயிற்றுக் கோளாறுக்கு ஹிப்னாடிசம் உதவுவதை 1984-இல் மான்செஸ்டர் மருத்துவர்கள் ஆய்வில் காட்டினார்கள்.

வலி நிஜம். அதை நாம் உணரும் அளவைத்தான் இந்தப் பயிற்சி குறைக்கிறது. எனவே வலியோடு இருப்பவரிடம் "எல்லாம் உன் மனப்பிரமை" என்று சொல்லாதீர்கள்.

அதே சமயம், வலி ஓர் எச்சரிக்கை மணி. மணியை நிறுத்தினால் தீ அணைந்துவிடாது. முதலில் மருத்துவரிடம் காட்டிக் காரணத்தைக் கண்டறியுங்கள். பிறகு, முறையாகப் பயின்ற மனநல நிபுணரிடம் மட்டும் செல்லுங்கள். புற்றுநோயையே ஹிப்னாடிசத்தால் குணப்படுத்துவதாக யாராவது சொன்னால் நம்பி ஏமாறாதீர்கள்.