கெக் கழுவினால் கலை, கான் கழுவினால் கசிப்பா?

போன மாதம் எங்கட கன்ரீனில் நாலு பேர் ஒரு போனைச் சுற்றியிருந்து வீடியோ ஒன்று பார்த்தோம். ஒரு வெள்ளைக்காரன் தன்ர கராஜுக்குள் நின்று, பழசாக வாங்கின எவர்சில்வர் உருளை ஒன்றைக் கழுவுகிறான். கழற்றுகிறான், ஊற வைக்கிறான், துலக்குகிறான், பூட்டுகிறான். இருபது நிமிடம். ஒருத்தரும் தட்டித் தள்ளவில்லை.

"என்ன பொறுமையடா ஆளுக்கு" என்றான் ஒருவன்.

"இதெல்லாம் ஒரு கலை மச்சான்" என்றான் மற்றவன்.

நான் வாயை வைத்துக்கொண்டு இருந்திருக்கலாம். "எங்கட அம்மப்பாவும் இதைத்தான் செய்தவர். கள்ளுக் கானை இப்பிடித்தான் கழுவி வெயில்ல கவிழ்த்து வைப்பார்" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை. பிறகு ஒரு சிரிப்பு. "அப்ப உங்கட வீட்டில கசிப்பும் எடுக்கலாமோ?"

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்கு எதிரானது. சிரித்தவன் என் நண்பன்தான், இதை வாசிப்பான் என்றும் தெரியும். வாசிக்கட்டும்.

முதலில் அந்த வீடியோவில் இருந்த சாமானைப் பற்றிக் கதைப்போம். அதன் பெயர் கெக். வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் தேடி வாங்குவது பெரும்பாலும் 'கோர்னி கெக்' என்கிற வகை. ஏறத்தாழ 19 லீற்றர் கொள்ளும். அது பியருக்காகச் செய்யப்பட்டதே இல்லை. பெப்சியும் கொக்கா கோலாவும் கடைகளுக்குச் சோடாப் பாகு அனுப்பச் செய்வித்த உருளை அது. பிறகு அந்தக் கம்பனிகள் பெட்டிக்குள் வைத்த பிளாஸ்டிக் பைக்கு மாறின. உருளைகள் குவியலாகப் பழைய சாமானுக்கு வந்தன. வீட்டில் காய்ச்சுகிறவர்கள் மலிவாக அள்ளினார்கள். ஆக, அவர்கள் கொண்டாடுகிற பாத்திரமும் ஒருத்தன் கழித்துவிட்ட பாத்திரம்தான்.

அதைப் பாவனைக்குக் கொண்டுவருவதில் மந்திரம் ஒன்றும் இல்லை. உள்ளே மிச்சமிருக்கிற அமுக்கத்தை முதலில் வெளியே விடவேண்டும். அதற்குப் பிறகுதான் எதையும் கழற்றலாம். ஐந்து றப்பர் வளையங்கள் இருக்கும்: மூடிக்கு ஒன்று, இரண்டு வாய்களுக்கும் இரண்டு, உள்ளே போகிற இரண்டு குழாய்களுக்கும் இரண்டு. ஐந்தையும் மாற்றவேண்டும், ஏனென்றால் றப்பர் பழைய சோடாவின் வாசத்தைப் பிடித்துவைத்திருக்கும். காரமான கழுவும் தூளில் சுடுதண்ணீரோடு ஊறவிட்டு, அலசி, கிருமி நீக்கி, காபனீரொட்சைட்டு அடைத்து, சவர்க்காரத் தண்ணீரைப் பூசிப் பார்க்கவேண்டும். எங்கே குமிழி வருகிறதோ அங்கே ஒழுக்கு. சைக்கிள் கடையில் ரியூப்பைத் தண்ணீருக்குள் அமத்திப் பார்க்கிற அதே வேலை.

இன்னொரு விசயமும் இருக்கிறது. பெரிய பியர் கம்பனிகளின் கெக்குகள் கடைக்குப் போனாலும் கம்பனியின் சொத்துத்தான். பழைய இரும்புக்கடையில் அது மலிவாகக் கிடந்தால், யாரோ களவெடுத்து விற்றிருக்கிறார்கள் என்பதே அநேகமாக அர்த்தம். ஆகவே அந்தக் 'கலை'யில் உள்ளவர்களும் யோசிக்காமல் வாங்குவதில்லை. இது யாருடையது, முன்னம் இதற்குள் என்ன இருந்தது என்ற இரண்டு கேள்வியையும் கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

அந்த இரண்டாவது கேள்வியோடு ஊருக்கு வருவோம்.

நான் ஆண்டு ஒன்பது படிக்கும்போது அம்மப்பாவின் கான் வெடித்துப்போனது. பழைய சாமான் ஏற்றுகிறவரிடம் இரண்டு நீலக் கான் வாங்கினார். லேபல் உரித்திருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தார், சுடுதண்ணீர் விட்டுக் குலுக்கினார், மூன்று நாள் வெயிலில் வைத்தார். நாலாம் நாள் காலமை இறக்கின கள்ளை அதற்குள் ஊற்றினார். சங்கத்துக்கு அளக்கக் கொண்டுபோக முதல் ஒருக்கால் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் வேலியடியில் ஊற்றிவிட்டார். அத்தனை மரமும் ஏறி இறங்கின ஒரு காலமை உழைப்பு அது. நான் ஏன் என்று கேட்டேன்.

"மருந்து நாத்தம் போகேல்லை பிள்ளை. கண்ட சனத்தின்ர வயித்துக்குள்ள போற சாமான்."

அவர் பள்ளிக்கூடம் போனவரில்லை. ஆனால் அவர் மூக்குச் சொன்னது சரி. அந்தக் கான்கள் செய்கிற பிளாஸ்டிக் தனக்குள் இருந்ததைக் கொஞ்சம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பூச்சிநாசினி, களைநாசினி வந்த கானை எத்தனைதரம் கழுவினாலும் சாப்பாட்டுக்கோ தண்ணிக்கோ பாவிக்கக் கூடாது. அதை அலசி, ஓட்டை குத்தி, ஒருத்தரும் திரும்பப் பாவிக்க முடியாமல் பண்ணவேண்டும் என்பதுதான் உலகம் முழுக்கச் சொல்லப்படுகிற விதி. கள்ளோ நேரம் போகப்போகப் புளிக்கிற சாமான். புளிப்பும் மதுசாரமும் சேர்ந்தால் வெறும் தண்ணீர் இழுக்காததையும் சுவரிலிருந்து இழுத்தெடுக்கும். நாகமுலாம் பூசின தகர வாளியில் புளித்ததை வைத்தால் நாகம் கரையும், குடித்தவன் சத்தி எடுப்பான். கானின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருந்தால் அது நல்ல கான் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இலக்கம் பிளாஸ்டிக்கின் சாதியைத்தான் சொல்லும். முன்னம் உள்ளே என்ன இருந்தது என்று சொல்லாது. உணவுக்கானது என்பதற்குக் கோப்பையும் முள்ளுக்கரண்டியும் போட்ட அடையாளம் வேறாக இருக்கிறது.

"முட்டிக்கே திரும்பிப் போங்கோவன், பாரம்பரியமாவும் இருக்கும்" என்று சிலர் சொல்லுவார்கள். மரம் ஏறாதவர்கள் சொல்லுகிற கதை அது. முட்டி பாரம், உடையும், அதன் நுண்துளைகளுக்குள் முதல்நாள் நொதி இருந்துகொண்டே இருக்கும். உள்ளே சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள் என்கிற அந்த அறிவு அழகுதான். ஆனால் கட்டின முட்டியிலிருந்து சங்கம் வரைக்கும் சைக்கிளில் கொண்டுபோக அந்த மனுசனுக்கு உடையாத, மலிவான, சுத்தமான பாத்திரம் ஒன்று வேண்டும். மலிவும் உடையாததும் பழைய கானில் கிடைக்கிறது. சுத்தம் மட்டும் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை? இங்கேதான் என் கோபம்.

எங்கள் மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912 ஆம் ஆண்டினது. அனுமதி இல்லாமல் கள் இறக்குவதும் மது தயாரிப்பதும் குற்றம். எழுதினது வெள்ளைக்காரன், அவனுடைய முதல் கவலை வரி. அதே வெள்ளைக்காரன் தன் நாட்டில் வீட்டுப் பியருக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்று 1963 இல் எடுத்துவிட்டான். அமெரிக்காவில் 1978 இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்து வைத்தார். வளர்ந்தவர் ஒருவர் ஆண்டுக்கு 100 கலன், இருவர் உள்ள வீடென்றால் 200 கலன், விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரைக்கும் இழுத்தடித்தன. அதாவது அந்த கராஜ்காரனின் 'கலை'யும் ஒரு காலம் குற்றமாகத்தான் இருந்தது. சட்டம் மாறினபிறகு அவனுக்கு றப்பர் வளையம் விற்கக் கடை வந்தது, கழுவும் தூள் வந்தது, எப்படிக் கழுவுவது என்று பகிரங்கமாகக் கதைக்க இடம் வந்தது. ஒளித்துச் செய்கிற வேலையில் சுத்தத்தைப் பற்றி யார் யாரிடம் கேட்பது?

"அப்ப எல்லாரும் வீட்டில காய்ச்சட்டும் எண்டுறியோ? குடியால அழிஞ்ச குடும்பங்களைக் கண்ணால காணேல்லையோ?" என்று கேட்பீர்கள். கண்டிருக்கிறேன், எங்கட ஒழுங்கையிலேயே கண்டிருக்கிறேன். சம்பளநாள் இரவில் எந்த வீட்டில் சத்தம் வரும் என்று எனக்கும் தெரியும். குடியுங்கோ என்று நான் எழுதவில்லை. கசிப்பையும் கள்ளையும் ஒன்றாக்கிச் சிரிக்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன். ஒன்று பரலுக்குள் புளிக்கவைத்து நெருப்பில் வடிக்கிறது. மற்றது மரத்திலிருந்து இறங்கித் தானாகப் புளிக்கிறது, பியரளவு மதுசாரம் உள்ளது, வைத்திருந்தால் வினாகிரியாகிவிடும். இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியாதா? 'லாகர்' என்றும் 'ஏல்' என்றும் வித்தியாசம் சொல்லத் தெரிகிறதே.

தெரியும். சிரிப்புக்குக் காரணம் அது இல்லை. சாதி.

எங்கட ஊர்களில் பாத்திரம் ஒருநாளும் வெறும் பாத்திரமாக இருந்ததில்லை. தேநீர்க்கடையில் ஒருத்தனுக்குக் கிளாஸ், இன்னொருத்தனுக்குப் போத்தலோ தகரப்பேணியோ. அதைக் குற்றமாக்கின சட்டம் 1957 இல் வந்தது. வந்தும் கடைகள் திறக்கவில்லை. 1966 இல் சுன்னாகத்தில் ஊர்வலம் போய் அடி வாங்கி, அதற்குப் பிறகும் போராடித்தான் கிளாஸைக் கையில் எடுத்தார்கள். அந்தக் காலத்திலும் சீவினவனின் கள்ளைப் பிளாவில் வாங்கிக் குடிக்க ஒருவருக்கும் தீட்டு வந்ததில்லை. கள்ளுக்கு இல்லாத தீட்டு இறக்கினவனுக்கு இருந்தது. இன்றைக்கு அதே தீட்டு ஒரு சிரிப்பாகக் கன்ரீன் மேசையில் இருக்கிறது.

எனவே எனக்குக் கேட்க மூன்று விசயம் இருக்கிறது.

பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் கள் அளக்கிறவர்களுக்கு உணவுத்தரக் கான்களைத் தங்கள் செலவில் கொடுக்கவேண்டும், பழுதானால் மாற்றிக் கொடுக்கவேண்டும். பால் சேர்க்கிற இடங்களில் பாத்திரத்தின் சுத்தத்தைப் பார்க்கிறார்கள்தானே? கள்ளுக்கு மட்டும் அளவும் புளிப்பும் பார்த்தால் போதுமா?

சட்டம் திருத்துகிறவர்கள் சிறிய அளவில் இறக்குகிறவனை அனுமதிக் கட்டணத்தால் மட்டும் அளக்காமல், அவன் பாத்திரத்தையும் பார்க்கட்டும். சுத்தமான பாத்திரத்தோடு பகிரங்கமாகச் செய்ய வழிவிட்டால் நஞ்சுக் கானுக்கு ஒளிக்க இடம் குறையும். பழைய சாமான் கடைகளில் மருந்துக் கான்கள் முழுசாக விற்கப்படுவதையும் நிற்பாட்டவேண்டும். அதைக் குடிதண்ணிக்கு வாங்கிப்போகிற வீடுகளும் இருக்கின்றன என்பதை மறக்கவேண்டாம்.

மூன்றாவது உனக்கு, மச்சான். அடுத்தமுறை அந்த வீடியோவைப் பார். றப்பர் வளையத்தை மாற்றி, சவர்க்காரத் தண்ணி பூசி, குமிழி வருகிறதா என்று அவன் குனிந்து பார்க்கிற இடம் வரும். அப்போது ஒரு கிழவன் கானின் மூடியைத் திறந்து மணந்து பார்க்கிறதையும் நினைத்துக்கொள். தன் பியர் கெட்டுப்போகக் கூடாது என்று இவன் பார்க்கிறான். முன்பின் தெரியாத ஆக்களின் வயிறு கெடக்கூடாது என்று அவர் பார்த்தார், பார்த்துவிட்டு அன்றைய கூலியை வேலியடியில் ஊற்றினார்.

கலை என்ற சொல்லை அப்போது யாருக்குக் கொடுப்பாய் என்று எனக்குச் சொல். கன்ரீனிலேயே சொல்லு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.