வளரும் பிள்ளையும் வளராத சட்டையும்

குழந்தைகளின் துணிமணிகளை ஒழுங்காக வைத்துக்கொள்வது எப்படி என்று தாய்மாருக்கு உபதேசம் செய்வதில் இப்போது ஒரு போட்டியே நடக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பீரோவைக் காலி செய்ய வேண்டுமாம். அளவுவாரியாக அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, மேலே சீட்டு ஒட்ட வேண்டுமாம். உபதேசிகளின் வீட்டில் குழந்தைகள் உண்டா என்பது என் முதல் சந்தேகம். போகட்டும், பெட்டியும் சீட்டும் நல்லவைதாம். ஆனால் குற்றவாளி பீரோவில் இல்லை. கால்சட்டையின் அடியைப் புரட்டிப் பாருங்கள். அங்கே மடிப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அதுதான் குற்றம்.

இரண்டு மூன்று வயதைத் தாண்டிய குழந்தை, பருவம் எட்டும் வரையில், ஆண்டுக்குச் சுமார் 5 அல்லது 6 சென்டிமீட்டர் உயர்கிறது. ஐரோப்பாவில் குழந்தை உடுப்பின் அளவையே உயரத்தை வைத்துக் குறிக்கிறார்கள்: 104, 110, 116 என்று ஆறு ஆறாக ஏறுகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய ஓர் அளவு என்று ஆயிற்று. நம் ஊர்த் தையற்காரருக்கு இந்தப் புள்ளிவிவரம் தெரியாது. ஆனால் விஷயம் தெரியும். பாவாடையின் கீழே இரண்டு மூன்று 'டக்' பிடித்துத் தைப்பார். வருஷத்துக்கு ஒன்றைப் பிரித்துவிட்டால் பாவாடையும் பெண்ணோடு வளரும். கால்சட்டைக்கு இடுப்பின் பின்புறம் இரண்டு விரற்கடை துணியை உள்ளே விட்டு வைப்பார். டக் பிரித்த இடத்தில் வெளுக்காத வர்ணம் கோடாகத் தெரியும், அதைப் பார்த்து மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள் என்பதும் வாஸ்தவமே. கெட்டிக்காரத் தாய்மார் அந்தக் கோட்டின்மேல் ஒரு ஜரிகைப் பட்டையை வைத்துத் தைத்து, கேலி செய்தவர்களைப் பொறாமைப்பட வைத்தார்கள்.

இன்றைய ரெடிமேட் உடுப்பில் இதெல்லாம் நடக்காது. ஓவர்லாக் மிஷின் தைக்கும்போதே ஓரத்துத் துணியை வெட்டித் தள்ளிவிடுகிறது. உடுப்பின் அடக்க விலையில் பெரும்பங்கு துணிக்கு. ஆகையால் அங்குலம் அங்குலமாக மிச்சம் பிடிக்கிறார்கள். மிச்சம் அவர்களுக்கு, வருஷா வருஷம் செலவு நமக்கு! திருப்பூர்ப் பனியன் துணியோடு எனக்கு வழக்கில்லை. அது இழுத்தால் கொஞ்சம் கொடுக்கும். கால்சட்டையும் கவுனும் சீருடையும்தான் என் வழக்கு.

"ரெண்டு சைஸ் பெரிசா எடுத்துக்குங்க சார், வளர்ற பிள்ளைதானே!" என்கிறார் கடைச் சிப்பந்தி. நீளத்தை மடித்துக்கொள்ளலாம், தோளை என்ன செய்வது? சட்டைத் தோள் முழங்கையை நோக்கி இறங்க, அந்தப் பிள்ளை ஒரு வருஷம் அண்ணனுடையதை மாட்டிக்கொண்டவன் போலத் திரிகிறான். பிறகு மூன்று மாதம் அளவாக இருக்கிறது. அப்புறம் பிடிக்கிறது. தனக்கென்று வாங்கிய சட்டையில் அவன் தானாக இருந்தது அந்த மூன்று மாதந்தான்.

பருவத்தின் கூத்து வேறு. ஐப்பசி மழையில் தீபாவளிக்கென்று லைனிங் வைத்த கனத்த கவுனை வாங்குகிறோம். மார்கழியோடு அதன் பருவம் முடிந்தது. கத்திரி வெயிலில் அதைப் போட்டால் குழந்தைக்கு வேர்க்குரு. அடுத்த ஐப்பசியில் எடுத்தால் முதுகுப் பக்கம் ஜிப் ஏறாது. நாலு தடவை உடுத்திய உடுப்பு, பாத்திரக்காரர் கைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் வாளியாகத் திரும்புகிறது.

2017-இல் லண்டனில் ரயன் யாசின் என்ற விமானப் பொறியியல் படித்த இளைஞர், குழந்தையோடு சேர்ந்து விரியும் மடிப்புத் துணியில் உடுப்புச் செய்து, ஜேம்ஸ் டைசன் விருதில் பிரிட்டனுக்கான பரிசைப் பெற்றார். அவருக்கு என் நமஸ்காரம். நம் தெருக்கோடித் தையற்காரருக்கு யார் பரிசு கொடுத்தார்கள்?

சீருடை விஷயத்தில் நாகரிகம் என்ற சாக்குக்கும் இடமில்லை. வர்ணமும் மாறுவதில்லை, வெட்டும் மாறுவதில்லை. இன்ன கடையில்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவு போடும் பள்ளிக்கூடங்கள், இத்தனை அங்குலம் உள்மடிப்பு வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்து எழுதினால் என்ன? அவர்கள் எழுதும் வரையில் நாம் கேட்போம். வரும் ஜூனில் கடைக்குப் போகும்போது விலைச் சீட்டைப் பார்க்கும் முன் காலடியைப் புரட்டிப் பாருங்கள். இரண்டு அங்குலம் இல்லையென்றால் சீருடைத் துணியாகவே கிழித்துத் தரச் சொல்லி, தையற்காரரிடம் கொண்டுபோங்கள். துணியாகத் தர மாட்டோம் என்பார்கள். ஏன் என்று கேளுங்கள், கொஞ்சம் உரக்கவே.