நெஞ்சு வலியா, சுளுக்கு வலியா?

பழவேற்காடு ஏரிக்கரைப் பெண்களுக்கு உடம்பு வலி புதிதல்ல. விடியற்காலையில் படகு கரை சேர்ந்ததும் மீனை எடுத்துப் பிரித்து, கூடையைத் தலையில் ஏற்றினால் வெயில் ஏறும்வரை ஓட்டம்தான். கழுத்தும் மேல்முதுகும் கெஞ்சும். ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். அதனால் இறால் போடும் பறியைப் பல்லில் கவ்விக்கொள்கிறார்கள். தாடை வலிக்காமல் என்ன செய்யும்?

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இதயத்துக்கு ரத்தம் போதாமல் போனால் வலி எங்கெங்கே வரும் தெரியுமா? நடு நெஞ்சு, தோள்பட்டை, இடது கை, கழுத்து, தாடை, மேல்முதுகு. வேலை செய்து வலிக்கிற அதே இடங்கள்! இதயத்திலிருந்து வரும் நரம்புகளும் நெஞ்சு, கைப் பகுதிகளிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. சேதி எங்கிருந்து வந்தது என்று மூளைக்கே குழப்பம். இதயம் அழுதால், கை அழுவதாக அது நினைத்துக்கொள்கிறது.

"வாயுப் பிடிப்புதான்க்கா. ஒரு சோடா குடி, ராத்திரி எண்ணெய் போட்டு நீவி விடறேன்" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி. பல தடவை அவள் சொல்வது சரியாகவே இருக்கும். சரியில்லாமல் போகும் அந்தச் சில தடவைகளில்தான் உயிர் போகிறது.

எப்படிப் பிரித்தறிவது?

தசை வலியை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டலாம். "இதோ, இங்கேதான்" என்பார்கள். அமுக்கினால் கூடும். கையைத் தூக்கினாலோ, உடம்பைத் திருப்பினாலோ, இருமினாலோ சுருக்கென்று இழுக்கும். யோசித்துப் பார்த்தால், முந்தின நாள் பாரம் தூக்கியது நினைவுக்கு வரும். விலா எலும்பு மார்பெலும்போடு சேருமிடத்தில் உள்ள குருத்தெலும்பு புண்பட்டாலும் இப்படித்தான் வலிக்கும்.

இதய வலிக்கு ஒரு விரல் போதாது. உள்ளங்கையை விரித்து நெஞ்சில் வைத்து, "இங்கெல்லாம் கல்லு வச்ச மாதிரி அழுத்துது" என்பார்கள். நடந்தால் வரும், நின்றால் தணியும். இந்த அடையாளத்தை லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768லேயே எடுத்துச் சொன்னார். இன்றும் டாக்டர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று. கூடை சுமக்கும்போது வலித்து, இறக்கினால் போய்விடுகிறதா? அது கழுத்து வலியாகவும் இருக்கலாம். ஆனால், வெறுங்கையோடு மணலில் வேகமாக நடந்தபோதும், சாப்பிட்டுவிட்டு நடந்தபோதும் வந்ததுண்டா என்று நினைத்துப் பாருங்கள். வந்ததென்றால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

உட்கார்ந்தும் தணியாமல் நின்று வலித்தால், கூடவே குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல், மயக்கம் இருந்தால், அது மாரடைப்பு என்றே எண்ணிச் செயல்பட வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல், இனம் தெரியாத அசதியும் மூச்சு வாங்கலுமாக மட்டும் வருவதுண்டு.

இன்னொன்று. "அமுக்கினால் வலிக்கிறது, ஆகவே இதயம் இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சுளுக்கு இருக்கிற உடம்பிலும் மாரடைப்பு வரும். சோடா குடித்து ஏப்பம் விட்டதும் லேசானதே என்றும் ஏமாறாதீர்கள்.

கை வைத்தியம் செய்பவர்களுக்கும் இது பொருந்தும். ஊரில் சுளுக்கு எடுப்பவர் இருக்கிறார்; நகரத்தில் முதுகெலும்பைத் திருகிச் சொடுக்கு எடுக்கும் கைரோபிராக்டிக் வந்திருக்கிறது. அதை 1895ல் அமெரிக்காவில் தொடங்கிய டேனியல் டேவிட் பாமர், முதுகெலும்பைச் சரிசெய்து ஓர் இதயக் கோளாறையே தீர்த்ததாக எழுதி வைத்தார். இன்றைய மருத்துவம் அதை ஏற்கவில்லை. அடைபட்ட ரத்தக்குழாய் சொடுக்கினால் திறக்காது. நல்ல கைக்காரர் யார் தெரியுமா? தொடுவதற்கு முன் "எப்போ வந்தது, நடந்தா கூடுதா, வேர்த்துதா?" என்று கேட்பவர். சந்தேகம் வந்தால் காசு வாங்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைப்பவர்.

சந்தேகம் வந்துவிட்டது, என்ன செய்வது? உடனே 108க்குப் போன் செய்யுங்கள். நோயாளியை பஸ் ஸ்டாப் வரை நடக்கவிடாதீர்கள். தண்ணீர் தாண்டி வரவேண்டிய ஊர்க்காரர்கள், படகு ஏற்றுவதற்கு முன்பே போன் செய்தால் ஆம்புலன்ஸ் கரைக்கு வந்து காத்திருக்கும். 2023ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்புக்கு முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைத்திருக்கிறார்கள். பொன்னேரி சுமார் 20 கிலோமீட்டர். சென்னை 50க்கு மேல். ஆகவே முதல் மாத்திரை பக்கத்திலேயே கிடைப்பது பெரிய விஷயம். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் நிம்மதியாக எழுந்து வந்துவிடாதீர்கள். வலி நீடித்தால் திரும்ப எடுக்க வேண்டும். ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

நம் பெண்களிடம் ஒரு பழக்கம். வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலித்தால் ஊரையே கூட்டுவார்கள். தனக்கென்றால், "மீனை வித்துட்டு வந்துடறேன், கெட்டுப் போயிடும்" என்பார்கள். மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கலாம், சகோதரிகளே. ரத்தம் கிடைக்காத இதயத் தசை நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கொண்டிருக்கும். செத்தது திரும்பாது.

டாக்டர் பார்த்து இதயத்தில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டாரா? ரொம்ப சந்தோஷம். அப்புறம் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், எண்ணெய் போட்டு இதமாக நீவச் சொல்லுங்கள், நாலு நாள் கூடையின் பாரத்தைக் குறையுங்கள். முதலில் இதயம், பிறகு சுளுக்கு. இந்த வரிசை மட்டும் மாற வேண்டாம்.