ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் நடுவே

ஒரு உலக உருண்டையில், பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் நூலின் ஒரு நுனியை வைத்து, மறு நுனியை டோக்கியோ வரை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கே ஏறி, சைபீரியாவின் மேலாகப் போய், ஜப்பானில் இறங்கும். ஏறக்குறைய 7,800 கிலோமீட்டர். சுவரில் மாட்டிய வரைபடத்தில் இந்தக் குறுக்குவழி கண்ணுக்குப் படாது.

ஃபின்ஏர் நிறுவனம் பல ஆண்டுகள் இந்த வழியை நம்பித்தான் வளர்ந்தது. ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்குப் போக எங்கள் ஊர்தான் கிட்ட என்று சொல்லியே பயணிகளை அழைத்தது. சுமார் ஒன்பதரை மணி நேரத்தில் டோக்கியோ.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்கு வானை மூடியது. பதிலுக்கு ரஷ்யா 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வானை மூடியது. மார்ச்சில் டோக்கியோ விமானம் மறுபடி கிளம்பியபோது பயண நேரம் 13 மணி ஆகியிருந்தது. ஒன்று, வட துருவத்தைக் கடந்து அலாஸ்கா பக்கமாகப் பசிபிக்கில் இறங்க வேண்டும். அல்லது தெற்கே மத்திய ஆசியா, சீனா, கொரியா என்று சுற்ற வேண்டும். எரிபொருள் கூடியது, விமானி கூடியது, ஏற்றும் சரக்கு குறைந்தது.

என்னை உலுக்கியது அந்த 13 மணிதான். 1983இல் இதே நிறுவனம் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு முதன்முதலாக இடைநில்லாமல் பறந்தபோதும் ஏறக்குறைய அதே நேரம்தான் பிடித்தது. சோவியத் யூனியன் வழி விடவில்லை. கூடுதல் எரிபொருள் தொட்டிகளோடு டிசி-10 விமானம் வட துருவம் வழியாகச் சுற்றிப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில்தான், தடம் மாறி சோவியத் வானுக்குள் போய்விட்ட கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். பிறகு பகை தணிந்து சைபீரிய வழி திறந்தது. அப்படிக் கிடைத்த மணி நேரங்களைப் பொறியியல் தந்த பரிசு என்றே நாம் நினைத்துக்கொண்டோம். இன்றைய ஏ350 விமானம் அந்தப் பழைய டிசி-10ஐவிட எவ்வளவோ மேலானது. இருந்தும் பயணிக்குக் கிடைப்பது 1983இன் நேரம்தான்.

நமக்கும் இது தெரியாத கதை இல்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்தியாவுக்குத் தன் வானை மூடியதும், டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் அரபிக்கடல் பக்கமாகச் சுற்றத் தொடங்கின. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்மீது முழு உரிமை உண்டு என்று 1944இன் சிகாகோ ஒப்பந்தம் சொல்கிறது. அந்த உரிமை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வலிய நாடு ஒன்றின் பக்கத்தில் வாழும் சிறிய நாட்டுக்கு அது கவசம். ஆனால் இரண்டு ஊர்களுக்கு இடையே எத்தனை மணி நேரம் என்று யாராவது கேட்டால், எந்த ஆண்டில் என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது.

கூடுதலாக மூன்றரை மணி நேரம் இருக்கையில் உட்கார்ந்திருப்பதைப் பெரிய இழப்பாகச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனின் வான் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. கீவிலிருந்து வார்சாவுக்கு முன்பு ஒன்றரை மணி நேரத்தில் பறந்தவர்கள் ஓர் இரவு முழுக்க ரயிலில் போக வேண்டியதாயிற்று. 2023இல் கீவுக்கு வந்த அன்றைய அமெரிக்க அதிபரும் போலந்திலிருந்து ரயிலேறித்தான் வந்தார்.