300 வாட் மயக்கம்

நம் சங்கத்தில் கார் வைத்திருப்போர் ஐந்தாறு பேர்தாம் இருப்பர். அந்த ஐந்தாறு பேருக்காக ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அவர்களுடைய கார்களில் நெருக்கி உட்கார்ந்து பொங்கல் விழாவுக்கும் ரயிலடிக்கும் போய்வருவோர் நாம் எல்லோருந்தானே! கதவில் இரையும் ஒலியைச் சகித்துக்கொள்வோரும் நாமே. ஆகையால் இதில் கருத்துச் சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு என்பது என் துணிபு.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணன் எனக்கு விட்டுச்சென்ற பழைய மாருதி ஸ்விஃப்டில் முன்கதவு ஸ்பீக்கர் கிழிந்துபோயிற்று. தனியாவர்த்தனம் போட்டால் யாரோ தகர டப்பாவைத் தட்டுவது போலக் கேட்கும். உதவித்தொகையில் மிச்சம் பிடித்த 5,000 ரூபாயை எடுத்துக்கொண்டு தில்லி கரோல்பாக் போனேன். கடைக்காரர் ஒரு பெட்டியை நீட்டினார். அதன்மேல் '300 வாட்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. "இதற்கு மேல் என்ன வேண்டும், பாய் சாஹப்?" என்றார். எனக்கும் அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. மாட்டிக்கொண்டு வந்தேன். ஒலி பழையதைவிடத் தாழ்ந்து கேட்டது! கண்ணாடியை முழுவதும் இறக்கினாலோ, ஸ்பீக்கரின் காந்தத்தில் முட்டி நின்றது.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பௌதிகம் படிக்கும் எனக்குக் கணக்குப் போடத் தோன்றவில்லையே! என்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது ஏறக்குறைய 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் மின்தடை பொதுவாக 4 ஓம். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத ஸ்டீரியோ, ஒரு ஸ்பீக்கருக்குச் சிதையாத அலையாகக் கொடுக்கக்கூடியது ஏட்டுக் கணக்கில் 26 வாட். நடைமுறையில் 20 வாட்டுக்குள் அடங்கிவிடும். ஸ்டீரியோவின் முகப்பில் '50 வாட்' என்று போட்டிருக்கிறதே என்பீர்கள். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்துப் பாருங்கள், அந்த 50 எங்கிருந்து வந்தது என்று தெரியும். அலை அடியோடு சிதைந்து சதுரமாகிப் போனால்தான் அது நடக்கும். 20 வாட் கொடுக்கும் பெட்டிக்கு 300 வாட் தாங்கும் ஸ்பீக்கர் எதற்கு? ஆழாக்குப் பாலைக் காய்ச்ச அண்டா வாங்கியவன் நான்.

பார்க்க வேண்டியது சிற்றெழுத்தில் இருக்கும் சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் என்ற கணக்கு அது. 3 டெசிபல் கூடினால் பாதி ஆற்றலே போதும்; 87 உள்ளது 20 வாட்டில் தரும் ஒலியை 90 உள்ளது 10 வாட்டில் தந்துவிடும். இதிலும் ஒரு சூது உண்டு. சிலர் 1 வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட் என்று குறித்திருப்பார்கள். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது 2 வாட் ஆகிறது. அந்த எண்ணிலிருந்து 3ஐக் கழித்துவிட்டே ஒப்பிட வேண்டும்.

ஆனால் ஸ்பீக்கரைவிடப் பெரிய சங்கதி கதவு. ஸ்பீக்கரின் முன்புறம் எழும் ஒலிக்கு எதிரிடையான ஒலி பின்புறமும் எழுகிறது. கதவின் உள்தகட்டில் உள்ள ஓட்டைகள் வழியே அது வெளிவந்து முன்னதைத் தின்றுவிடுகிறது. முதலில் பறிபோவது தாழ்ந்த ஒலி, அதாவது மிருதங்கத்தின் தொப்பி! கட்டை சரியில்லாமல் தோலை மட்டும் மாற்றினால் மிருதங்கம் பேசுமா?

புதிய ஜோடியைக் கடைக்காரர் பாதி விலைக்குத் திருப்பி எடுத்துக்கொண்டார். அடுத்த மாத மிச்சத்தையும் சேர்த்து, ஆழம் குறைந்த, 90 டெசிபல் கொண்ட சாதாரண ஜோடி ஒன்று வாங்கினேன். மீதிப் பணம் ஓட்டைகளை மூடும் பியூட்டைல் ஒட்டுத்தாளுக்கும், ஸ்பீக்கரைத் தகட்டோடு இறுக்கிப் பொருத்தும் வளையத்துக்கும் போயிற்று. அவசரத்தில் கதவுக்குள் இருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவிட்டு அப்படியே மூடியிருந்தேன். முதல் மழையிலேயே காலடி விரிப்பு நனைந்தது. மறுபடியும் கழற்றி ஒட்டினேன். ஒரு பக்கம் கூட்டலும் கழித்தலும் மாறியிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அதைத் திருத்தியதும் தொப்பி பேசிற்று.

என் அறைத் தோழர் இதை ஒப்பவில்லை. கீச்சு ஒலிக்குத் தனி ட்வீட்டர் உள்ள ஜோடியை வாங்கி, அதைக் கண்ணாடியோரம் வைத்தால் பாட்டு முழங்காலடியிலிருந்து வராமல் முகத்துக்கு நேரே வருமே என்கிறார். மெய்தான். ஆனால் கையில் இருப்பது 5,000 ரூபாயானால், அதற்கு முன் கதவை அடையுங்கள் என்றே சொல்வேன்.

வாங்கப் போகிறவர்கள் விடுதியில் சொல்லியனுப்பினால் நானும் உடன் வருகிறேன். கண்ணாடியை இறக்கிவிட்டு ஆழம் அளக்க அடிக்கோலும் கொண்டுவருவேன்.