திரை இருண்டது யாரால்?

போன சனிக்கிழமை இரவு பத்து மணி. பாலைக் காய்ச்சி உறை ஊற்றிவிட்டுப் படுக்கப் போகலாமென்று நினைத்த சமயத்தில் டெலிபோன் மணி அடித்தது. நங்கநல்லூரிலிருந்து என் நாத்தனார்.

"எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் போய்விட்டதடி! எல்லாம் இந்தப் பயல் விளையாடி விளையாடித்தான்!"

விஷயம் இதுதான். நாத்தனாரின் பெண்ணுக்குக் கட்டிடக் கலைப் படிப்பில் கடைசி வருஷம். திங்கட்கிழமை காலை வரைபடங்களை ஒப்படைக்க வேண்டும். கட்டிடத்தை அப்படியும் இப்படியும் சுழற்றிப் பார்க்கிற ப்ரோகிராமைத் திறந்தால் பத்தே நிமிஷத்தில் திரை இருண்டுவிடுகிறதாம். சில சமயம் தானாகவே திரும்பி வருகிறது. சில சமயம், 'மன்னிக்கவும்' என்ற பாவனையில் ஓர் அறிவிப்பைக் காட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. (முன்னெல்லாம் நீலமாக இருந்த இந்த அறிவிப்பு, 2025 முதல் விண்டோஸ் 11-ல் கறுப்பாகிவிட்டது. துக்கத்துக்கு ஏற்ற நிறம் என்று நினைத்தார்களோ என்னவோ!)

அன்று மாலை ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். கடைக்காரர் பெட்டியைத் திறக்கவே இல்லை. "கிராபிக்ஸ் கார்டு போச்சு. புதுசு 28,000 ரூபாய். வீட்டில் பையன் விளையாடுகிறானா? அப்போ அதுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெண்ணின் மேற்படிப்புக்கென்று தபாலாபீஸில் போட்டிருந்த பணத்தை எடுப்பதா என்று நாத்தனாருக்குக் கவலை. பதினைந்து வயதுப் பையனோ இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

"பணத்தை எடுக்காதீர்கள் அக்கா, நாளைக் காலையில் வருகிறேன்" என்று சொல்லிவைத்தேன்.

இங்கே டிரைவர் என்ற பேர்வழியை உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். காக்கிச் சட்டை போட்ட டிரைவரை நினைத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனிக் காலத்துச் சென்னையில் வெள்ளைக்காரத் துரைக்கும் நம் வியாபாரிக்கும் நடுவே துபாஷி என்று ஒருவர் நின்றாரே, அந்த உத்தியோகந்தான் இவருக்கு. படம் போடுகிற கிராபிக்ஸ் கார்டின் பாஷை விண்டோஸுக்குத் தெரியாது. விண்டோஸின் பாஷை கார்டுக்குத் தெரியாது. நடுவில் நிற்கும் துபாஷி உளறினால், கார்டு குத்துக்கல்லாக இருந்தாலும் திரை இருண்டுதான் போகும்.

2007-ல் வீடுகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ஓர் ஏற்பாடு இருக்கிறது. கொடுத்த வேலைக்கு இரண்டு விநாடிக்குள் பதில் வரவில்லையென்றால், விண்டோஸ் துபாஷியை உலுக்கி மறுபடி எழுப்பிவிடும். திரை இருண்டு திரும்பி வருவது அந்த உலுக்கல்தான். உலுக்கியும் எழாவிட்டால்தான் கறுப்பு அறிவிப்பு.

பெரிய கம்பெனி எழுதிய டிரைவர் உளறுமா என்று கேட்பீர்கள். விஸ்டா வந்த புதிதில் மைக்ரோசாப்டுக்குப் பதிவாகி வந்த முடக்கங்களில் 28.8 சதவிகிதம் என்விடியா டிரைவர்களால் நேர்ந்தவை என்று, பிற்பாடு ஒரு வழக்கில் வெளியான கடிதங்களிலிருந்து ஊருக்கே தெரிந்தது. 2010 மார்ச்சில் அதே கம்பெனி 196.75 என்ற எண்ணுள்ள டிரைவரை வெளியிட்டது. அது கார்டின் விசிறியைச் சரியாகச் சுழல விடவில்லை என்று புகார்கள் வந்ததும் வாபஸ் வாங்கிக்கொண்டது. ஆகவே 'புதிய டிரைவர்' என்றவுடன் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பையன் வாய் பேசாமல் தன் ரஃப் நோட்டை நீட்டினான். கடைசிப் பக்கத்தில், என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த வேலையின்போது திரை இருண்டது என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தான். கடைக்காரருக்கு இல்லாத பொறுமை! முதல் வரி, அதற்கு முந்தின வியாழக்கிழமை.

ஸ்டார்ட் பக்கத்தில் 'ரிலயபிலிடி ஹிஸ்டரி' என்று தேடினால், விண்டோஸே எழுதி வரும் நாட்குறிப்பு ஒன்று திறக்கும். கோளாறு நேர்ந்த நாட்களில் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். அதே வியாழக்கிழமை காலையில் விண்டோஸ் அப்டேட் யாரையும் கேட்காமல் புதிய டிஸ்ப்ளே டிரைவர் ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருந்தது. மாலையிலிருந்து சிவப்புக் குறிகள். அதுமட்டுமல்ல: இரண்டு மாதத்துக்கு முன்புதான் பழைய ரேடியான் கார்டை எடுத்துவிட்டு, யாரோ கொடுத்த ஜீஃபோர்ஸ் கார்டை மாட்டியிருக்கிறார்கள். பழைய கார்டு போயிற்றே தவிர அதன் துபாஷி வீட்டை விட்டுப் போகவில்லை.

பெட்டியைத் திறக்குமுன் இன்னொன்றும் பார்த்தோம். கம்ப்யூட்டரைப் போட்டவுடன், விண்டோஸ் வருவதற்கு முன்பே திரையில் கோடும் புள்ளியும் விழுந்தால் கார்டின் மீதே சந்தேகப்படலாம். ஸேஃப் மோடில் துபாஷிகள் யாரும் வேலைக்கு வருவதில்லை. விண்டோஸ் தன் சாதாரண டிரைவரை வைத்தே ஒப்பேற்றும். நாத்தனார் வீட்டில் தொடக்கத் திரை சுத்தமாக இருந்தது. ஸேஃப் மோடில் அரை மணி விட்டு வைத்தோம், சலனமே இல்லை.

டிவைஸ் மானேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' என்று ஒரு பொத்தான் உண்டு. பழைய டிரைவருக்குத் திரும்ப அதுதான் சுருக்கு வழி. எங்களுக்கு அது மங்கிப்போய் அழுத்த முடியாமல் இருந்தது. சரி, வீட்டையே கழுவி விடுவோம் என்று தீர்மானித்தோம்.

இந்த வேலைக்கு வரிசை முக்கியம். நன்றாக உழைத்துக்கொண்டிருந்த முந்தைய டிரைவரைக் கார்டுக் கம்பெனியின் சொந்த இடத்திலிருந்து முதலில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவசச் சாதனத்தையும் அப்படியே. பிறகு இன்டர்நெட்டைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாம் துடைத்து முடிப்பதற்குள் விண்டோஸ் அதே டிரைவரைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். ஷிப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் ஸேஃப் மோடுக்கு வழி கிடைக்கும். உங்கள் கம்ப்யூட்டருக்கு பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அதை எழுதி வைத்துக்கொள்ளாமல் உள்ளே போகாதீர்கள். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதையாகிவிடும்.

இரண்டு துபாஷிகளையும் துடைத்துவிட்டு ஒருவரை மட்டும் வேலைக்கு அமர்த்தினோம். "பெட்டியையும் திறந்து தூசி தட்டிவிடலாமே, மாமி" என்றான் பையன். கூடாது என்றேன். இரண்டையும் சேர்த்துச் செய்தால் எதனால் குணமாயிற்று என்று எப்படித் தெரியும்?

பெண் வேலையை ஆரம்பித்தாள். பத்து நிமிஷம், இருபது, முப்பது... காப்பி வந்தது. நாற்பதாவது நிமிஷம் விசிறி ஹோவென்று இரைந்தது, திரை இருண்டது. நாத்தனார் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

மறுபடி போட்டு, டாஸ்க் மானேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்தோம். கிராபிக்ஸ் கார்டின் உஷ்ணம் அங்கே தெரியும். பாடுபடும்போது 70, 80 டிகிரி சகஜம். இங்கே 96! மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கம்ப்யூட்டர்ப் பெட்டியைக் காணோம். அழகான ஒரு திரைச்சீலைதான் தெரிந்தது. மயிலும் மாங்காயுமாகப் பூவேலை.

"தூசி போகாமலிருக்கட்டுமென்று நான்தான் தைத்துப் போட்டேன்" என்றாள் நாத்தனார், சற்றே இறங்கிய குரலில்.

மயிலைக் கழற்றினோம். மின்சாரத்தைத் துண்டித்துப் பெட்டியைத் திறந்து, விசிறி சுழன்றுவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூசியை எடுத்தோம். கார்டுக்குப் போகும் தனி மின்சார வயர் அழுத்தமாக மாட்டியிருக்கிறதா என்றும் பார்த்தோம். பெட்டிக்குள் இருக்கும் செருகுவாய் 75 வாட்தான் கொடுக்கும். பெரிய கார்டுகளுக்கு அந்த வயர் இல்லாமல் ஆகாது. உஷ்ணம் 74-க்கு இறங்கிற்று. ராத்திரி பதினொரு மணிவரை பெண் வரைந்தாள். ஒரு தடவைகூடத் திரை இமைக்கவில்லை.

கிளம்பும்போது பார்த்தேன். பையனின் தட்டில் கேட்காமலே நான்காவது தோசை விழுந்தது. மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை.

புதன்கிழமை மறுபடி டெலிபோன். "பிரிண்டரில் பாதிப் பக்கம் வெள்ளையாக வருகிறதடி."

"பையனைத் திட்டினீர்களா, அக்கா?"

"இன்னும் இல்லை. முதலில் உன்னைக் கேட்டுக்கொண்டு திட்டலாமென்று இருக்கிறேன்."